லேடி புகைவிட்ட காலை

கடற்படை என்னைச் சேர்த்துக்கொண்டபோது என் தாடியில் நரை விழ ஆரம்பித்திருந்தது. ஆனாலும் எனக்குக் கொடுத்த பதவியின் பெயர் 'முதல் வகுப்புப் பையன்'. எசமானிடமிருந்து தப்பி ஓடிவந்த கறுப்பர்கள் எல்லாருக்கும் அதே கதிதான். பல் போன கிழவன் வந்து ஏறினாலும் பையன்தான். வடக்கத்திக்காரர்கள் எங்களை அடிமையாக வைத்திருந்த தெற்கத்திக்காரர்களோடு சண்டை போடுகிறவர்கள், அதில் எனக்குக் குறையொன்றும் இல்லை. ஆனால் முப்பது தாண்டியவனைப் பையன் என்று கூப்பிட்டால் ரத்தம் கொதிக்கத்தான் செய்யும். எனக்கு ரத்தம் கொதிக்கப் பெரிய காரணம் எதுவும் தேவையில்லை என்று பைனா சொல்வாள். பைனா என் மனைவி. நான் சொல்லப் போவது அவள் கடலுக்கு வந்த காலையைப் பற்றி.

என் பெயர் பிரிஸ்டோ. தெற்கே, சாண்டீ ஆற்றங்கரையில் ஒரு நெல் பண்ணையில் அடிமையாகப் பிறந்தவன். போர் தொடங்கி இரண்டாம் வருடம், ஆண்களையெல்லாம் உள்நாட்டுக்கு ஓட்டிக்கொண்டு போகப் போகிறார்கள் என்று பண்ணை முழுக்கப் பேச்சு அடிபட்டது. உள்நாட்டுக்குப் போனால் கடல் கிடையாது. கடல் இல்லாவிட்டால் வடக்கத்திக் கப்பல்களும் கிடையாது, தப்பிக்க வழியும் கிடையாது. பைனாவுக்கு அப்போது வயிறு நிறைந்திருந்தது. குனிந்து செருப்பைக்கூட எடுக்க முடியாது.

"நீ போய்யா," என்றாள். "ரெண்டு பேரும் மாட்டிக்கிட்டா பிள்ளைக்கு யாரு? நீ முன்னாடி போய் இடம் பாரு. நான் இறக்கி வெச்சுட்டு வரேன்."

ஏதோ தலையில் இருக்கும் நெல் மூட்டையை இறக்குவது மாதிரிதான் சொன்னாள். நான் போனேன். சதுப்பு நிலத்தில் கழுத்தளவு சேற்றில் நடந்து, முகத்துவாரத்துக்கு வெளியே நின்ற ஒரு வடக்கத்திக் கப்பலில் ஏறினேன்.

அந்தக் கப்பலைக் கப்பல் என்று சொல்வதே மரியாதைக்காகத்தான். நியூயார்க் பக்கம் ஆள் ஏற்றி இறக்கிய பழைய படகு. பீரங்கியைத் தூக்கி வைத்து, போய் முற்றுகையில் நில் என்று அனுப்பிவிட்டார்கள். தெற்கத்திக்காரர்களின் பஞ்சு வெளியே போகக் கூடாது, துப்பாக்கியும் மருந்தும் உள்ளே வரக் கூடாது, அதுதான் எங்கள் வேலை. அந்தப் படகு எரித்தது மட்டமான கரி. புகைபோக்கியிலிருந்து கறுகறுவென்று புகை வானத்துக்கே மை பூசும். பத்து மைல் தள்ளி இருக்கிறவனுக்கும் நாங்கள் வருவது தெரியும். உள்ளே நுழையப் பார்க்கும் கள்ளக் கப்பல்களோ அதற்கு நேர்மாறு. சாம்பல் நிறப் பூச்சு, தண்ணீரோடு தண்ணீராகக் கிடக்கும் தட்டையான உடம்பு, புகையே வராத உயர்ந்த கரி. பக்கத்தில் வந்து நின்றாலும் தெரியாது.

பைனாவின் தாய்மாமன் மிங்கோ முகத்துவாரத்தில் மீன் பிடிப்பார். எசமான் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு மீன், எங்கள் கப்பலுக்குச் செய்தி, இரண்டையும் ஒரே தோணியில் கொண்டுவருவார். பைனாவுக்குப் பிள்ளை பிறந்துவிட்டது என்று அவர்தான் சொன்னார். ஆணா பெண்ணா என்று கேட்பதற்குள் கரையில் ரோந்துக் குதிரைகள் தெரிந்தன, தோணியைத் திருப்பிவிட்டார். திரும்பும்போது நான் கத்திச் சொன்னது இதுதான்:

"மாமா, அவளைக் கூட்டிட்டு வரப்ப புகை விடற கப்பலுக்குத்தான் வரணும். சாம்பக் கலர்ல, புகையில்லாம நின்னா அது அவனுங்க ஆளு. எந்தக் கொடி வேணா ஏத்துவான். சக்கரையாப் பேசுவான். நம்பக் கூடாது. கூப்பிட்டா திரும்பிப் பார்க்காம ஓடிடணும்!"

"அவகிட்ட சொல்றேன்," என்று மிங்கோ மாமா கையசைத்தார்.

அன்றைக்கு அது நல்ல புத்திமதி. கப்பல் மாறிப் போகும் என்று எனக்கு எப்படித் தெரியும்?

அடுத்த மாதமே எங்கள் பழைய படகின் பாய்லர் வெடிப்பு விட்டு, பழுது பார்க்க இழுத்துப் போய்விட்டார்கள். அதன் இடத்துக்கு வந்தது லேடி. ஸ்காட்லாந்தில் கட்டிய கப்பல். இரண்டு பக்கமும் துடுப்புச் சக்கரம், பின்னால் சாய்ந்த இரண்டு புகைபோக்கி. பஞ்சு மூட்டையோடு வெளியே ஓடும்போது நம்மவர்கள் துரத்திப் பிடித்த கள்ளக் கப்பல். அதற்குக் கடற்படை வேறு பெயர் சூட்டிப் பலகையிலும் எழுதியது, யார் வாயிலும் அது ஏறவில்லை. பழைய பெயரில் பாதியை வைத்துக்கொண்டு லேடி என்றே கூப்பிட்டார்கள். லேடியின் அடுப்பறையில் காய்ச்சலில் ஆட்கள் விழுந்துவிட, என்னைக் கரி அள்ள அங்கே தள்ளினார்கள். சட்டப்படி லேடியும் நானும் ஒரே ரகம், எதிரியிடமிருந்து கைப்பற்றிய சொத்து. லேடியைப் பிடித்தவர்களுக்கு அதன் விலையில் பங்கு கிடைத்தது. என்னைப் பிடித்தவர்களுக்கு என் வாய்தான் கிடைத்தது.

கேப்டன் பீஸ்லி திமிங்கலம் பிடித்துப் பழகிய மனிதர். பொறுமை அவருக்குத் தொழில். லேடியை அப்படியே வைத்திருந்தார். அதே சாம்பல் பூச்சு, அதே தட்டையான உடம்பு. கரி அறைகளில் பழைய முதலாளிகள் விட்டுப்போன உயர்ந்த கரி மலை மாதிரி குவிந்திருந்தது, அதைத்தான் எரிக்கவேண்டும். ஒரு இழை புகை தெரிந்தாலும் மேலே இருந்து கத்துவார். கரையிலிருந்த பீரங்கி மேட்டுக்காரன்கூட எங்களை அவன் ஆள் என்று நினைத்துக்கொண்டு சும்மா இருந்தான். அதனால்தான் முகத்துவாரத்துக்கு அவ்வளவு கிட்டே நாங்கள் நிற்க முடிந்தது. கேப்டனுக்கு இது பெரிய பெருமை. எனக்கோ பைனாவின் நினைப்பு. நான் பைனாவுக்குச் சொல்லி அனுப்பியது என்ன? எந்தக் கப்பலைப் பார்த்தால் ஓடு என்றேனோ, அதே கப்பலில் நான் நிற்கிறேன். மிங்கோ மாமாவோ அதற்கப்புறம் ஐந்தாறு மாதமாக வரவே இல்லை.

"கவலைப்படாதடா பையா," என்பான் மக்நல்டி. அயர்லாந்துக்காரன், அடுப்பறையில் எனக்கு மேலாள். எனக்கு ஐந்து வயது இளையவன். "பொம்பளைங்க புருஷன் பேச்சை எங்கேடா கேக்கறாங்க? போகாதேன்னு சொன்ன இடத்துக்குத்தான் முதல்ல வருவாங்க."

"உன்னை யாருடா கல்யாணம் பண்ணிக்கிட்டா, உனக்கு எப்படித் தெரியும்?"

"எங்கம்மா பண்ணிக்கிட்டாங்கல்ல எங்கப்பனை. பார்த்திருக்கேன்."

அவன் சொன்னது எனக்கும் ஆறுதலாகத்தான் இருந்தது. பைனா என் பேச்சைக் கேட்டதாக எனக்கு நினைவே இல்லை.

அந்தக் காலையில் சூரியன் வந்தும் பனி விலகவில்லை. கடலும் ஆறும் சேரும் இடத்தில் வெள்ளையாகப் படர்ந்து கிடந்தது. அன்றைக்கு ஒரு கள்ளக் கப்பல் உள்ளே வருவதாகச் செய்தி, அதனால் கேப்டன் யாரையும் இருமக்கூட விடவில்லை. நான் சாம்பல் வாளியைக் கொட்ட மேலே வந்தேன். அப்போது முன்பக்கத்துக் காவல்காரன் மெதுவாகச் சொன்னான்:

"தோணி."

பார்த்தேன். பனிக்குள்ளிருந்து மரத்தைக் குடைந்து செய்த ஒரு தோணி வெளியே வந்தது. எங்கள் பக்கத்தில் அந்த மாதிரித் தோணிக்கு 'கடவுளே துணை' என்றே பெயர். ஒரு ஆள் தும்மினால் கவிழும். அதில் மூன்று பேர். முன்னால் துடுப்புப் போடுகிறவர் ஒரு தோளைச் சாய்த்துச் சாய்த்துப் போட்டார். அந்தத் தோள் எனக்குத் தெரியும். சின்ன வயதில் நெல் அடிக்கும் கம்பு பட்டு உடைந்து கோணலாகக் கூடிய தோள். மிங்கோ மாமா. நடுவில் ஒரு பெண், மார்பில் துணியால் கட்டிய ஒரு மூட்டை. முகம் தெரியவில்லை. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை.

"என் பொண்டாட்டி!" என்று கத்திவிட்டேன். "கேப்டன் ஐயா, அது என் பொண்டாட்டி!"

கேப்டன் திரும்பி என்னைப் பார்த்தார். நான் கத்தியதற்கு அடிப்பார் என்று நினைத்தேன், அடிக்கவில்லை. அதற்குள் தோணியில் இருந்தவர்கள் எங்களைப் பார்த்துவிட்டார்கள். துடுப்புகள் அப்படியே நின்றன. சாம்பல் நிறம். புகை இல்லை. ஒரு மூச்சு நேரம் பார்த்தார்கள். அப்புறம் தோணியைத் திருப்பிக்கொண்டு, மூச்சைப் பிடித்துத் துடுப்புப் போட ஆரம்பித்தார்கள். கரையைப் பார்த்து.

வாழ்நாளில் ஒரே ஒரு தடவை பைனா என் பேச்சைக் கேட்டாள். அது அன்றைக்கு.

"கொடியை ஏத்து," என்றார் கேப்டன். ஏற்றினார்கள். தோணி இன்னும் வேகமாகப் போனது. பின்னே, எந்தக் கொடியையும் நம்பாதே என்று நான்தானே சொல்லியிருந்தேன்.

கேப்டன் தகரக் குழாயை வாயில் வைத்துக்கொண்டு கூவினார்: "பயப்படாதீங்க! நாங்க உங்களுக்கு நண்பருங்க! இங்க வாங்க, உங்களை யாரும் ஒண்ணும் பண்ண மாட்டாங்க!"

நல்ல மனிதர், மனதாரத்தான் சொன்னார். ஆனால் தப்பி ஓடிய எங்கள் ஆட்களைத் தேடி வேட்டை நாயோடு வருகிறவர்களும் சதுப்பு ஓரத்தில் நின்று இதே சொற்களைத்தான் கூவுவார்கள். ஒரு வெள்ளைக்காரக் குரல் 'பயப்படாதே' என்றாலே எங்களுக்கு ஈரக்குலை நடுங்கும். தோணி கரையோர அலை உடையும் மணல்திட்டைப் பார்த்து வளைந்தது.

"ஐயா, கூப்பிடாதீங்க, உங்க புண்ணியம்!" என்றேன்.

நானே ஓரத்தில் ஏறி நின்று கத்தினேன். "பைனா! நான்தான்! பிரிஸ்டோ!" காற்று கரைப்பக்கத்திலிருந்து அடித்தது. என் குரல் என் மூஞ்சியிலேயே திரும்பி விழுந்தது. சட்டையைக் கழற்றி ஆட்டினேன். அதனால் என்ன ஆகும்? கள்ளக் கப்பலிலும் கறுப்பு ஆட்கள் கரி அள்ளிக்கொண்டுதான் இருப்பார்கள். அடித்து ஆட்டச் சொன்னால் அவர்களும் சட்டையை ஆட்டுவார்கள்.

கேப்டன் ஒரு படகை இறக்கச் சொன்னார். படகு தண்ணீரைத் தொட்டதுதான் தாமதம், தோணியில் பைனாவும் துடுப்பு எடுத்துவிட்டாள். மார்பில் மூட்டையோடு குனிந்து குனிந்து போட்டாள். அவர்களுக்கு முன்னால் வெள்ளை நுரை எழும்பி எழும்பி உடைந்துகொண்டிருந்தது. அந்தத் தோணி அதில் போனால் தீப்பெட்டி மாதிரி நொறுங்கும். அலை விட்டாலும் கரையில் ரோந்து விடாது. பனியோ தலைக்கு மேல் கிழிய ஆரம்பித்திருந்தது.

"படகை நிறுத்து!" என்றார் கேப்டன். "துரத்தினா செத்துப் போவாங்க." குழாயைக் கீழே போட்டுவிட்டு நின்றார். திமிங்கலத்தையே மடக்கினவருக்கு மூன்று பேரைத் தன்னிடம் வரவைக்க வழி தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. வாளியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கையெல்லாம் கரி. அந்தக் கரியைப் பார்த்ததும்தான் மண்டையில் உறைத்தது. புகை விடற கப்பலுக்கு வா என்று சொன்னவன் நான். புகைதானே வேண்டும்?

கேப்டனைக் கேட்டிருக்கலாம். கேட்டால் யோசிப்பார். கள்ளக் கப்பல் வரும் நாளில் புகைவிட்டால் அது கண்டுகொண்டு ஓடிவிடும், பீரங்கி மேட்டுக்காரனும் விழித்துக்கொள்வான். யோசிக்கவேண்டிய விஷயம்தான். ஆனால் அவர் யோசித்து முடிப்பதற்குள் என் குடும்பம் நுரையில் கிடக்கும். வாளியை வீசிவிட்டு ஏணியில் கீழே குதித்தேன்.

"மக்நல்டி, புகை வேணும்!"

"என்னடா உளர்றே? புகை வந்தா அந்தக் கிழவன் நம்ம தோலை உரிச்சுக் காயப்போடுவான்."

"என் பொண்டாட்டி பிள்ளை தோணியில ஓடறாங்கடா. நம்மளை அவனுங்கன்னு நினைச்சு ஓடறாங்க. புகையைப் பார்த்தாத்தான் நிப்பாங்க. நான் அப்படித்தான் சொல்லி அனுப்பினேன்!"

மக்நல்டி என்னைப் பார்த்தான். பைப்பை வாயிலிருந்து எடுத்துச் சட்டைப் பையில் செருகினான்.

"இந்தக் கரியில புகை வராது. எவ்வளவு போட்டாலும் வராது, அவ்வளவு நல்ல ஜாதி. எதையாவது நாத்தம் பிடிச்சதா கொண்டா!"

தார் பூசிய பழைய கயிற்றுச் சுருளை இழுத்து வந்தேன். எண்ணெய் துடைத்த கந்தல், ஈரமான தரை துடைப்பம், எது கையில் பட்டதோ அது. மக்நல்டி சமையல் அறைக்குப் போய்ப் பன்றி இறைச்சிப் பீப்பாயை உருட்டிக்கொண்டு வந்தான். மாதக்கணக்கில் உப்பில் கிடந்து பச்சை பூத்த கொழுப்பு. அரிசி தின்று வளர்ந்தவன் நான், எனக்குச் சோறு போடாமல் அந்தக் கண்றாவியைத்தான் தினமும் தட்டில் வைத்தார்கள்.

"இந்தப் பன்னி செத்ததுக்கு இன்னைக்குத்தான் ஒரு பிரயோஜனம்," என்று சொல்லி ஒரு பாளத்தைத் தூக்கி அடுப்பில் எறிந்தான். நான் அடுத்த அடுப்பில் கயிற்றைத் திணித்தேன். அவன் காற்றுக் கதவை இறுக்கி மூடினான். உள்ளே தீ முனகியது. அடுப்பு வாயிலிருந்து கறுப்பாக எங்கள் முகத்திலேயே அடித்தது. இருமி இருமிக் கண்ணில் தண்ணீர் கொட்டியது. மேலே போகிறதா, போகிறதென்றால் தெரிகிறதா, தெரிந்தால் அவள் திரும்பிப் பார்க்கிறாளா, கீழே இருக்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது. போட்டுக்கொண்டே இருந்தேன். வாய் மட்டும் பைனா பைனா என்று சொல்லிக்கொண்டிருந்தது.

மேலே வாசலில் கேப்டனின் முகம் தெரிந்தது. "எவன்டா புகை போட்டது?"

"நான்தான் ஐயா!" என்றேன்.

"நானும்தான் ஐயா!" என்றான் மக்நல்டி. இருமல் அவனை மேலே பேசவிடவில்லை.

கேப்டன் இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் மேலிருந்து யாரோ அவரைக் கூப்பிட்டார்கள், முகம் மறைந்துவிட்டது. ஒரு நிமிடம் ஒன்றும் கேட்கவில்லை. அப்புறம் தூரத்தில் ஒரு இடி. கொஞ்ச நேரத்தில் தண்ணீரில் ஏதோ விழுந்து, கப்பலின் இரும்பு உடம்பு முழுக்க அதிர்ந்தது. பீரங்கி மேட்டுக்காரன் எங்களைக் கண்டுகொண்டான்.

போச்சு என்று நினைத்தேன். என் மனைவியைக் காப்பாற்றப் போய் அவள் தலைக்கு மேல் குண்டை வரவழைத்துவிட்டேன். கரி அள்ளும் ஷவலைக் கீழே போட்டேன். அப்போதுதான் அந்தக் குரல் வந்தது. மறுபடி வாசலில் கேப்டன். தொப்பி இல்லை.

"இன்னும் போடு!" என்றார். "நிறுத்தாதே, இன்னும் போடுடா! திரும்பிட்டாங்க!"

மக்நல்டி அடுப்பறையில் ஆடவே ஆடினான். நான் ஆடவில்லை. இரும்புத் தூணைப் பிடித்துக்கொண்டேன். துடுப்புச் சக்கரங்கள் சுழல ஆரம்பித்தன. கேப்டன் கப்பலை மணல்திட்டுக்கு மேலேயே கொண்டுபோனார். லேடியைத் தவிர முற்றுகையில் நின்ற வேறெந்தக் கப்பலும் அங்கே தரை தட்டியிருக்கும். கள்ளத்தனமாக ஆற்றுக்குள் நுழைவதற்கென்றே கட்டிய தட்டையான உடம்பு, அன்றைக்கு எங்களுக்கு உதவியது. தோணிக்கும் பீரங்கிக்கும் நடுவில் லேடியைக் குறுக்கே விட்டு, புகையைத் திரை மாதிரி இழுத்துக்கொண்டே போயிருக்கிறார். பிறகு மற்றவர்கள் சொல்லித்தான் தெரிந்தது. குண்டுகள் புகைக்குள் எங்கெங்கோ விழுந்தன. ஒன்று மட்டும் பின்பக்கக் கைப்பிடியைப் பிய்த்துக்கொண்டு போனது. யாருக்கும் காயம் இல்லை.

"மேலே போடா," என்று மக்நல்டி என் பின்னால் ஒரு உதை விட்டான். "நான் பார்த்துக்கறேன். பையன் கல்யாணத்துக்கு லேட்டாப் போகக் கூடாது."

அப்போது அவன் பையன் என்றதற்கு எனக்குக் கோபமே வரவில்லை.

நான் மேலே வந்தபோது மிங்கோ மாமா ஏறிக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் வந்த ஆள் எனக்குத் தெரியாதவன், அடுத்த பண்ணைக்காரன். அப்புறம் பைனாவின் தலைத்துணி தெரிந்தது. கையைக் கொடுத்துத் தூக்கினேன். உடம்பெல்லாம் உப்புத் தண்ணீர். உள்ளங்கைகள் கிழிந்து ரத்தம். அவள் என் முகத்தை உற்றுப் பார்த்தாள். முகமா அது, கரிச்சட்டி.

"யோவ்," என்றாள். "நீயா?"

"நான்தான் புள்ள."

"புகையில்லாத கப்பல்ல ஏறாதேன்னு ஊருக்கெல்லாம் சொல்லிட்டு நீ மட்டும் ஏறி உக்காந்திருக்கே?"

"மாத்திட்டாங்கடி. சொல்லி அனுப்ப ஆள் இல்ல. அதான் புகை விட்டேன். புகையைப் பார்த்துத்தானே திரும்பினே?" கொஞ்சம் பெருமையாகத்தான் கேட்டேன். மறுக்க மாட்டேன்.

"புகையைப் பார்த்து மாமாதான் நிறுத்தினாரு. இதுவும் ஏதாச்சும் தந்திரமா இருக்கும், துடுப்பைப் போடுங்கன்னு நான் திட்டினேன். அப்பறம் அவனுங்க உங்களைச் சுட்டானுங்க பாரு, அப்பத்தான் நம்பினேன். அவனுங்க சுடறானுங்கன்னா இது நம்ம ஆளாத்தான் இருக்கணும்."

பக்கத்தில் நின்ற மாலுமிகள் சிரித்தார்கள். கேப்டன்கூடச் சிரித்த மாதிரி இருந்தது. காலையில் வரவேண்டிய கள்ளக் கப்பல் வரவே இல்லை, எங்கள் புகையை எட்டத்திலேயே பார்த்துத் திரும்பியிருக்கும். அதற்காக அவர் என்னை ஒரு வார்த்தையும் திட்டவில்லை. அன்றைக்கும் இல்லை, பிறகும் இல்லை.

நான் சிரிக்கவில்லை. அவள் மார்பில் கட்டியிருந்த மூட்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது அசையவே இல்லை. இவ்வளவு கத்தல், குண்டு, தண்ணீர், எதற்கும் அசையவில்லை. பைனா என் கண் போன திசையைப் பார்த்தாள்.

"தூங்குது," என்றாள் மெதுவாக. "சக்கரை முடிஞ்ச துணியை ரம்ல நனைச்சு வாயில வெச்சேன். சத்தம் போட்டா ரோந்துக்காரன் வந்துடுவான்ல. நேத்து இருட்டினதுல இருந்து கண்ணு முழிக்கல."

சொல்லும்போதே அவள் குரல் தடுமாறியது. துணியை விலக்கினாள். சின்ன முகம், மூடின கண். கன்னத்தைத் தொட்டேன், என் விரல் பட்ட இடத்தில் கரி ஒட்டிக்கொண்டது. குளிர்ந்திருந்தது. தண்ணீரில் நனைந்ததால் குளிரா, வேறு எதனாலா என்று எனக்குத் தெரியவில்லை. மிங்கோ மாமா முகத்தைத் திருப்பிக்கொண்டார். மாலுமிகளின் சிரிப்பு நின்றது.

"என்ன பிள்ளை?" என்று கேட்டேன். வேறு என்ன கேட்பது?

"பொண்ணு."

நான் அவளை வாங்கி மார்போடு அணைத்தேன். அடுப்பறைச் சூடு இன்னும் என் உடம்பில் இருந்தது. பாதத்தைத் தேய்த்தேன், முதுகைத் தேய்த்தேன். பைனா என் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். பீரங்கி ஓய்ந்துவிட்டது. சக்கரங்கள் தண்ணீரை அடிக்கும் சத்தம் மட்டும்தான். என் பெண்ணின் மூக்கு சுருங்கியது. வாய் கோணியது. துப்பினாள், ரம்மில் நனைத்த துணி வெளியே விழுந்தது. பிறகு கத்தினாள் பாருங்கள், அவ்வளவு சின்ன உடம்பில் அவ்வளவு கோபம் எங்கே இருந்ததோ. சந்தேகமே இல்லை, என் மகள்தான்.

பைனாவின் கை பாய்ந்து வந்து பிள்ளையின் வாயைப் பொத்தியது. அவள் அப்படியே குனிந்து, கரைப்பக்கம் திரும்பிப் பார்த்தாள். கண்ணில் அத்தனை பயம். ஏறின கப்பலும், பக்கத்தில் நிற்கும் நானும் அவளுக்கு மறந்து போயிருந்தன. ஓடிப்போனவனின் பிள்ளை யார் காதிலும் விழக் கூடாது என்று, பிறந்த நாளிலிருந்து ஆறு மாதமாக அந்தக் கை இதையேதான் செய்துகொண்டிருந்திருக்கிறது. நான் அழுதேன். அத்தனை ஆண்கள் பார்க்க அழுதேன், வெட்கம் ஒன்றும் இல்லை. அவள் விரல்களைப் பிள்ளையின் வாயிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துவிட்டேன்.

"எடு புள்ள. அழட்டும்."

"கேக்குமேய்யா..."

"கேக்கட்டும். யாருக்கு வேணா கேக்கட்டும்."

அவள் சுற்றிலும் பார்த்தாள். கேப்டனை, மாலுமிகளை, இரண்டு புகைபோக்கியிலிருந்தும் இன்னும் கறுப்பாகப் போய்க்கொண்டிருந்த புகையை. யாரும் அவளை அதட்டவில்லை. பிள்ளை மூச்சு வாங்கிக்கொண்டு முன்னைவிடப் பலமாகக் கத்தியது. பைனா கிழிந்த கைகளை மடியில் வைத்துக்கொண்டு, அங்கேயே தரையில் உட்கார்ந்து, அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.